அடியா மீட்டரா: மனை அளக்குறதுல இருந்து டைல்ஸ் ஒட்டுற வரைக்கும் அளவு மாத்துற முழுமையான வழிகாட்டி

பட்டால ஏர், பத்திரத்துல சென்ட், ப்ளான்ல மீட்டர், கொத்தனார் வாயில அடி, ஆசாரி வாயில நூல், கம்பிக் கடையில மி.மீ, மணல் லாரிக்காரர்கிட்ட யூனிட், ரெடிமிக்ஸ் (கலந்தே லாரியில வர்ற கான்கிரீட்) காரங்ககிட்ட கன மீட்டர். நம்ம ஊர்ல ஒரு வீடு கட்டி முடிக்கிறதுக்குள்ள இத்தனையும் தாண்டி வரணும். நான் ட்ராயிங் போட்டு சைட்டும் பாத்துக்கிறவன். புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்களும் முதல் வீடு கட்டுறவங்களும் எங்க தடுக்கி விழுறாங்கன்னு பாத்துப் பாத்து எழுதுறேன், அதனால வரிசைய மாத்தாம படிங்க, ஏன்னா பாதி தப்பு கணக்குல வர்றதில்ல, எதை முதல்ல செய்யணும்ங்கிறதுலதான் வருது.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

அஞ்சு மீட்டர் ஸ்டீல் டேப் ஒண்ணு, ஒரு பக்கம் இஞ்ச் ஒரு பக்கம் செ.மீ இருக்கிறதா. ஒரு நோட்டு, ஒரே நோட்டு, துண்டுச் சீட்டு வேணாம். பென்சில். போன்ல கால்குலேட்டர்.

டேப் முனையில இருக்கிற கொக்கி லேசா முன்ன பின்ன ஆடும். அது லூஸ் இல்ல, கொக்கியோட தடிமன சரிக்கட்டத்தான் அப்படி வச்சிருக்காங்க, மாட்டி இழுத்தாலும் சுவத்துல முட்டி அளந்தாலும் ஒரே அளவு வரணும்ல. அத சுத்தியலால தட்டி இறுக்கிட்டு வந்து நின்ன தம்பிய நான் பாத்திருக்கேன்.

நோட்டோட முதல் பக்கத்துல இத எழுதிக்கோங்க:

1 இஞ்ச் = 25.4 மி.மீ
1 அடி = 304.8 மி.மீ
1 சதுர மீட்டர் = 10.764 சதுர அடி
1 கன மீட்டர் = 35.315 கன அடி
1 கன அடி = 28.317 லிட்டர்
1 சென்ட் = 435.6 சதுர அடி
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட்

முதல் வரி 25.4 துல்லியமான நம்பர், அதுக்கு மேல தசமம் கிடையாது. இரண்டாவது அதோட 12 மடங்கு. சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, ஏருக்கு 100 சதுர மீட்டர், இது ரெண்டையும் மனப்பாடம் பண்ணிடுங்க, மத்ததெல்லாம் ஏதாவது மறந்துபோனா 25.4-ஐ வச்சே திரும்பப் போட்டுடலாம்.

2. எது அளவு, எது வெறும் பேருன்னு பிரிங்க

கால்குலேட்டர எடுக்கிறதுக்கு முன்னாடியே இத செஞ்சாகணும், ஏன்னா கடையில நாம சொல்ற பல இஞ்சும் மி.மீட்டரும் அளவே கிடையாது, அது அந்தப் பொருளோட பேரு. பேர 25.4-ஆல பெருக்கினா ஒண்ணும் கிடைக்காது.

பைப்ப எடுத்துக்கோங்க. 4 இஞ்ச் பிவிசி பைப்னு கேட்டா அவர் எடுத்துக் குடுக்கிறதுல 110 மி.மீ-ன்னு அச்சடிச்சிருக்கும். 4-ஐ 25.4-ஆல பெருக்கினா 101.6, அப்ப ஏமாத்துறாரான்னா இல்ல, 110-ங்கிறது பைப்போட வெளி விட்டம், 4 இஞ்ச்ங்கிறது பழக்கத்துல நிக்கிற பேரு. இதே மாதிரி பிவிசில 63 மி.மீ-ன்னா 2 இஞ்ச், 32 மி.மீ-ன்னா 1 இஞ்ச். ஆனா ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்ல 1 இஞ்ச்னா 25 மி.மீ-ன்னு சொல்லுவாங்க, அங்க பேரு உள் துவாரத்த வச்சு வருது. பேரு ஒரே 1 இஞ்ச், மி.மீ கணக்கு மட்டும் ரெண்டு விதம். அதனால பைப்புக்கு கணக்கே போடாதீங்க, பழைய துண்டு ஒண்ண கையோட கொண்டு போங்க, இல்ல அதுமேல அச்சடிச்சிருக்கிறத போட்டோ எடுத்துட்டுப் போங்க.

செங்கல் சுவரும் அப்படித்தான். கொத்தனார் சொல்ற 9 இஞ்ச் சுவர் ப்ளான்ல 230 மி.மீ-ன்னு இருக்கும், நாலரை இஞ்ச் சுவர் 115. இது பூசாத சுவர். பூசினதுக்கு அப்புறம் பக்கத்துக்கு அரை இஞ்ச் கூடும், அதனால அலமாரிக்கும் கப்போர்டுக்கும் ப்ளான்ல இருக்கிற அளவ ஆசாரிகிட்ட குடுக்கவே கூடாது, பூச்சு முடிஞ்ச பிறகு டேப் வச்சு அளந்துதான் குடுக்கணும்.

இதுல காச கரைக்கிறது டைல்ஸ்தான். ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ்னு எல்லாரும் சொல்றோம், அது 600-க்கு 600 மி.மீ, நிஜ ரெண்டு அடின்னா 609.6 இருக்கணும். ஒரு டைலுக்கு 9.6 மி.மீ தானேன்னு தோணும். 20 அடி ஹால்ல பத்து டைல் சுவர்ல இருந்து சுவருக்கு கச்சிதமா உக்காரும்னு நெனச்சு ஒரு வீட்ல ஒரு ஓரத்துல இருந்து ஒட்டிட்டே வந்தாங்க. 20 அடின்னா 6096 மி.மீ, பத்து டைல் 6000, நடுவுல ஸ்பேசர் (டைலுக்கு டைல் இடைவெளி விட வைக்கிற துண்டு) ஒம்பது, ஒண்ணுக்கு 2 மி.மீ-ன்னு 18. மிச்சம் 78 மி.மீ. வாசல்ல நுழைஞ்சதும் கண்ணுல படுற இடத்துல மூணு இஞ்ச் பட்டை ஒண்ணு நீளமா ஓடுது. வீட்டுக்காரர் அத பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. முதல்லயே மி.மீ-ல கணக்கு போட்டிருந்தா நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துலயும் சமமா வெட்டி ஒட்டியிருக்கலாம்.

வாங்குறப்பவும் இதே கதைதான். நாலு டைல் இருக்கிற பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. சில கடையில 16-ன்னு கணக்கு போட்டு பில் போடுவாங்க. 400 சதுர அடிக்கு 25 பெட்டின்னு வாங்கிட்டு வந்தா உடைசல் சேதாரம் எல்லாம் சேக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பெட்டி பத்தாது, திரும்பப் போறப்ப அதே ஷேடு ஸ்டாக் இருக்காது. பெட்டி மேல சதுர மீட்டர் அச்சடிச்சிருக்கும், அத 10.764-ஆல பெருக்கி அந்த நம்பர வச்சு மட்டும் பேசுங்க.

3. ஒரு யூனிட்ட பிடிங்க, கடைசி வரைக்கும் விடாதீங்க

ஒரு ரூம அளக்குறப்ப நீளத்த அடியிலயும் அகலத்த மீட்டர்லயும் எடுக்காதீங்க. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா டேப்ல எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியுதோ அத படிக்கிறது மனுஷ சுபாவம், டேப்ப திருப்பிப் பிடிச்சா யூனிட்டும் மாறிடும். ஒருத்தர் டேப் பிடிச்சு இன்னொருத்தர் எழுதுறப்ப இது அடிக்கடி நடக்குது.

எனக்குப் பிடிச்சது மி.மீ, ஏன்னா புள்ளியும் வராது பின்னமும் வராது, 3810-ன்னு எழுதினா அது 3810 தான். உங்களுக்கு அடி இஞ்ச்தான் வசதின்னா தாராளமா அதுல எடுங்க, முழுக்க எடுங்க, மாத்துறத கடைசியில ஒரே ஒரு தடவை பண்ணுங்க. நடுவுல ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சம் ரவுண்டு ஆகி எல்லாம் ஒண்ணா சேந்து கடைசியில முட்டும்.

எந்த நம்பர் எழுதினாலும் பக்கத்துல யூனிட்ட எழுதுங்க. ஒத்தைக் கோடு போட்டா அடி, ரெட்டைக் கோடு போட்டா இஞ்ச்ங்கிற வழக்கம் ட்ராயிங்ல சரி, சைட்டுல வேர்வைக் கையில பென்சில் அழிஞ்சு ரெட்டை ஒத்தை ஆயிடும். அடின்னு எழுத என்ன ரெண்டு எழுத்துதானே.

4. புள்ளி: தப்பெல்லாம் பிறக்குற இடம்

புதுசா வந்த ஒரு தம்பிகிட்ட ரூம் அளந்துட்டு வரச் சொன்னேன், 12.10-க்கு 10.11-ன்னு எழுதிட்டு வந்தான். கொத்தனார் அவன்கிட்ட சொன்னது 12 அடி 10 இஞ்ச், 10 அடி 11 இஞ்ச். அவன் அப்படியே கால்குலேட்டர்ல தட்டினான், 122 சதுர அடி வந்துச்சு.

"தம்பி, 12.10-ம் 12.1-ம் ஒண்ணா வேறயா?"

"ஒண்ணுதாண்ணே."

"அப்ப 12 அடி 10 இஞ்சும் 12 அடி 1 இஞ்சும் ஒண்ணா?"

கொஞ்ச நேரம் டேப்பையே பாத்துட்டு இருந்தான். சரியான கணக்கு 12.833 பெருக்கல் 10.917, அதாவது 140 சதுர அடி. ஒரு ரூமுக்கு கிட்டத்தட்ட 18 சதுர அடி காணாம போயிருந்துச்சு.

காரணம் ரொம்ப சின்னது, அடிக்கு 12 இஞ்ச், கால்குலேட்டருக்கு எல்லாமே பத்து. அதனால இஞ்ச 12-ஆல வகுத்துட்டுதான் புள்ளிக்கு அப்புறம் போடணும். 3 இஞ்ச் 0.25, 6 இஞ்ச் 0.5, 9 இஞ்ச் 0.75, இது மூணும் மனசுல நின்னா போதும், மத்தது வகுத்துக்கலாம். நோட்டுல அடி இஞ்ச் எழுதுறப்ப புள்ளியே வைக்காதீங்க, 12-10-ன்னு கோடு போட்டு எழுதுங்க, கோட்ட பாத்தா கை கால்குலேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்கும்.

5. மீட்டர அடி, இஞ்ச், நூலா மாத்துறது

நூல்னா ஒரு இஞ்ச்ல எட்டுல ஒண்ணு, சுமாரா 3.2 மி.மீ. ஆசாரிகிட்ட 0.35 இஞ்ச்னு சொன்னா உங்கள ஒரு மாதிரி பாப்பார், மூணு நூல்னு சொன்னா உடனே குறி போட்டுடுவார்.

ப்ளான்ல 4.20 மீட்டர்னு இருக்குன்னு வச்சுக்கோங்க. 3.2808-ஆல பெருக்குங்க, 13.779 வரும். 13 அடிய தனியா எழுதிட்டு மிச்சம் 0.779-ஐ மட்டும் 12-ஆல பெருக்குங்க, 9.35. ஒம்பது இஞ்ச தனியா எழுதிட்டு மிச்சம் 0.35-ஐ 8-ஆல பெருக்குங்க, 2.8, மூணு நூல்னு வச்சுக்கலாம். ஆக 13 அடி 9 இஞ்ச் 3 நூல்.

ஒவ்வொரு படியிலயும் முழு எண்ண கழட்டி வச்சுட்டு மிச்சத்த மட்டும் பெருக்கணும். இத விட்டுட்டு 13.78-ஐ 13 அடி 7 இஞ்ச் 8 நூல்னு படிச்ச ஆளும் உண்டு, எட்டு நூல்னா ஒரு இஞ்ச் ஆச்சேன்னு கூட தோணல.

சரியா வருதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு: 1 மீட்டர்னா 3 அடி 3 இஞ்ச் 3 நூல். மூணு மூணு மூணு. "ஒரு மீட்டர்னா மூணு அடி தானே"ன்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே நிறுத்துங்க. காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர் விடணும்னு ப்ளான்ல இருக்குறப்ப மூணு அடி விட்டு சுவர் எழுப்பிட்டா மூணரை இஞ்சுக்கு கொஞ்சம் கம்மியா குறையும், அளக்க வர்றவர் மீட்டர் டேப்தான் கொண்டு வருவார்.

6. நிலம்: ஏர், சென்ட், கிரவுண்டு

பட்டால பரப்பு ஹெக்டேர் - ஏர்னு ரெண்டா பிரிச்சு இருக்கும். நடுவுல இருக்கிற கோடு தசமப் புள்ளி இல்ல. 0 - 04.50-ன்னா நாலரை ஏர், அத நாலரை சென்ட்னு படிச்சுட்டு "பத்திரத்துல 11 சென்ட் போட்டிருக்கு, பட்டால பாதி கூட இல்லையே"ன்னு பதறி போன் பண்றவங்க அதிகம். நாலரை ஏர்னா 450 சதுர மீட்டர், 2.471-ஆல பெருக்கினா 11.12 சென்ட், எல்லாம் சரியாத்தான் இருக்கு.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. 1 - 05.00-ங்கிறத ஒண்ணரை ஹெக்டேர்னு படிக்கிறது. அது ஒரு ஹெக்டேர் அஞ்சு ஏர், 1.05 ஹெக்டேர், 259 சென்ட்டுக்கு மேல கொஞ்சம். ஒண்ணரைன்னு வச்சா 370 சென்ட் வரும். ஒரு ஏக்கருக்கு மேல கற்பனையில வாங்குறீங்க. எப்பவும் முழுசா ஏருக்கு மாத்திடுங்க, ஹெக்டேர 100-ஆல பெருக்கி ஏரோட கூட்டுங்க, 105 ஏர், அப்புறம் 2.471.

சென்னைப் பக்கம் கிரவுண்டு சொல்லுவாங்க, அது 2400 சதுர அடி, அஞ்சரை சென்ட்டுன்னு வாய்ப்பேச்சுல ஓட்டிடலாம், நாலு சதுர அடிதான் வித்தியாசம். பத்திரத்துல எழுதுறப்ப சதுர அடியும் சதுர மீட்டரும் போடச் சொல்லுங்க.

புலப்படத்துல (நிலத்தோட எல்லைய அளந்து வரைஞ்ச சர்வே படம்) இருக்கிற அளவு மீட்டர். அதுல 12.4-ன்னு இருந்தா 12 மீட்டர் 40 செ.மீ, 12 அடி 4 இஞ்ச் இல்ல. ரொம்பப் பழைய படம்னா லிங்க்ஸ்ல இருக்கும், ஒரு லிங்க் 0.66 அடி. படத்துல எந்த அளவுன்னு தெரியலேன்னா தெரிஞ்ச ஒரு பக்கத்த நேர்ல அளந்து ஒத்துப் பாருங்க, மீட்டருக்கும் லிங்குக்கும் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வித்தியாசம், குழப்பமே வராது.

7. சதுரத்துக்கு ஒரு நம்பர், கனத்துக்கு ஒரு நம்பர்

3.28-ங்கிறது நீளத்துக்கு மட்டும். 1200 சதுர அடி மனைய 3.28-ஆல வகுத்து 366 சதுர மீட்டர்னு எழுதிட்டு வந்தாங்க ஒரு தடவை. சதுரத்துக்கு 10.764, அப்ப 111.5 சதுர மீட்டர்தான். சந்தேகம் வந்தா 30-க்கு 40 மனைய மனசுல நிறுத்துங்க, 9-க்கு 12 மீட்டர், நூத்தி சொச்சம்தான் வரும், 366 எங்க இருந்து வரும்.

விலைய மாத்துறப்ப தலைகீழா போகும், இங்கதான் படிச்சவங்களும் விழுறாங்க. ஒரு சதுர மீட்டர் 10,764 ரூபான்னா ஒரு சதுர அடி 1000 ரூபா. பரப்பு சதுர மீட்டர்ல இருந்து சதுர அடிக்கு போறப்ப பெருக்குறோம், விலைக்கு வகுக்கணும். வழிகாட்டி மதிப்பு பாக்குறப்ப எந்த யூனிட்டுக்கு போட்டிருக்காங்கன்னு முதல்ல பாருங்க, அப்புறம் தொகைய பாருங்க.

8. கான்கிரீட், கம்பி, சம்ப், மோட்டார்

1000 சதுர அடி ரூஃப், 5 இஞ்ச் கனம். 5 இஞ்ச அடியாக்கணும், 5 வகுத்தல் 12, 0.4167. 1000-ஆல பெருக்கினா 416.7 கன அடி, 35.315-ஆல வகுத்தா 11.8 கன மீட்டர். அஞ்சு இஞ்ச 0.5 அடின்னு போட்டா 14.16 வரும், ரெண்டேகால் கன மீட்டருக்கு மேல ரெடிமிக்ஸ் வந்து நின்னுட்டு எங்க கொட்டுறதுன்னு கேக்கும். மணல் ஜல்லிக்கு ஒரு யூனிட்னா 100 கன அடி, 2.83 கன மீட்டர்.

கம்பி எடைக்கு விட்டத்த மி.மீ-ல எடுத்து வர்க்கம் பண்ணி 162-ஆல வகுக்கிற சூத்திரம் எல்லார்கிட்டயும் இருக்கு. அது ஒரு மீட்டருக்கு வர்ற கிலோ. 12 மி.மீ கம்பிக்கு 0.889. கம்பி நீளம் 40 அடின்னு பேச்சு, அத 40-ஆல பெருக்கி ஒரு கம்பி முப்பத்தஞ்சு கிலோன்னு சொன்னவங்க இருக்காங்க, 12 மீட்டர் கம்பி 10.67 கிலோதான். அடிக்கு வேணும்னா 162-க்கு பதிலா 533. நம்ம ஆளுங்க நாலு நூல் கம்பின்னு சொல்றது இந்த 12 மி.மீ-தான், அஞ்சு நூல்னா 16, மூணு நூல்னா 10, எல்லாம் பேரு, கணக்குக்கு மி.மீட்டரே எடுங்க.

சம்ப்புக்கு உள் அளவு. 8-க்கு 5-க்கு 5 அடின்னா 200 கன அடி, 28.317-ஆல பெருக்க 5,663 லிட்டர். தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்காது, அதனால ஆழத்த ஓவர்ஃப்ளோ குழாய் வரைக்கும் எடுங்க.

போர் ஆழம் அடியில, மோட்டார் தகட்டுல ஹெட், அதாவது தண்ணிய எவ்வளவு உயரம் தூக்கும்ங்கிறது, மீட்டர்ல. 200 அடி போருக்கு ஹெட் 200 இருக்கிறதா குடுங்கன்னு கேட்டு வாங்கினா அது 656 அடி தூக்குற மோட்டார், காசு தண்டம். 200 அடின்னா 61 மீட்டர். அதுலயும் போர் ஆழத்த எடுக்காம மோட்டார் ஓடுறப்ப தண்ணி நிக்கிற மட்டத்துல இருந்து மொட்டை மாடி டேங்க் வரைக்கும் எடுத்து பைப்புல போற இழப்பையும் சேக்கணும், அத மோட்டார் மெக்கானிக் சொல்லுவார், நீங்க மீட்டர்ல கேளுங்க அவ்வளவுதான்.

9. எங்க ரவுண்டு பண்ணலாம், எங்க கூடாது

ட்ராயிங்ல 150 மி.மீ-க்கு ஒரு ரிங்னு (நீளக் கம்பிகள சுத்திக் கட்டுற வளையம்) இருந்தா கம்பி கட்டுறவர் 6 இஞ்ச்னு கட்டுவார், 152.4, அதுக்கெல்லாம் சண்டை போடாதீங்க. ஆனா ஒரு இஞ்ச்னா 25-ங்கிற அதே பழக்கத்துல 30 அடி நீளத்த அளந்தா இஞ்சுக்கு 0.4 வீதம் 360 இஞ்சுக்கு 144 மி.மீ தப்பும், அஞ்சே முக்கால் இஞ்சுக்கு கொஞ்சம்தான் கம்மி. சின்ன தூரத்துக்கு ரவுண்டு, பெரிய தூரத்துக்கு முழு நம்பர்.

மாத்தி முடிச்சதும் ஒரு தடவை திருப்பி மாத்திப் பாருங்க. கிளம்பின நம்பர் கிட்ட வந்து நிக்கணும். பத்து செகண்ட் வேலை.

10. சொல்றப்ப அவங்க யூனிட்ல சொல்லுங்க

கணக்கு சரியா இருந்தும் வாயில தப்புறது இங்கதான். போன்ல ஜன்னல் அளவு நாலரைன்னு சொன்னா அது நாலு அடி ஆறு இஞ்ச். நாலு புள்ளி அஞ்சுன்னு சொன்னா பட்டறையில இருக்கிறவர் நாலு அடி அஞ்சு இஞ்ச்னு எழுதிக்குவார். நாலு அடி அரைன்னா நாலு அடிக்கு மேல அரை இஞ்ச். மூணும் காதுல கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி விழும், நடுவுல கட்டிங் மெஷின் வேற ஓடிட்டு இருக்கும்.

அதனால அடிய சொல்லிட்டு அடின்னு சொல்லுங்க, இஞ்ச சொல்லிட்டு இஞ்ச்னு சொல்லுங்க, அரை கால் முக்கால் எல்லாம் அடிக்கு பயன்படுத்தாதீங்க. சொன்னதும் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, அப்புறம் நோட்டுல ரெண்டு யூனிட்லயும் எழுதி (நாலு அடி ஆறு இஞ்ச், 1372 மி.மீ) போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. ஃப்ரேம் வந்து இறங்கினதும் கொத்தனார மாட்ட விடாதீங்க, முதல்ல அந்த போட்டோவ கையில வச்சுட்டு மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல டேப் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் மாட்டச் சொல்லுங்க.